மாமா மேல் மோதிய ஆராய்ச்சி

மழைக்காலத்தில் என் தாய்மாமா இடது காலை லேசாக இழுத்து நடப்பார். யாராவது விசாரித்தால் அம்மா, "ஒரு வண்டி இடிச்சிருச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த வண்டியைச் செய்தவன் நான்தான் என்பதை அவள் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஓட்டுநர் இல்லாமல் ஓடி, எதிரே ஆள் இருந்தால் தானே நின்றுவிடும் ஒரு சிறு வண்டிதான் ஆராய்ச்சி. அதன் பிராசசருக்குள் நான்கு மூளைகள் (கோர் என்போம்). கேமரா அனுப்பும் படத்தை நான்காக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாக ஒரே நேரத்தில் அலசும். நான்கும் முடித்தால்தான் பிரேக்குக்கு உத்தரவு போகும். எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. சென்சார், வயரிங் எல்லாம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் வந்து போகும் ஸ்டெல்லாவின் பொறுப்பு.

விருந்தினர்களுக்கு ஓட்டிக் காட்டும் நாளுக்கு முந்தின நாள், வண்டி பார்ப்பதைப் பெரிய திரையிலும் காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை. படம் திக்கித் திக்கி ஓடினால் அசிங்கம் என்று அந்த வேலைக்கே முதல் முன்னுரிமை கொடுத்தேன்.

"எல்லாத்தயும் சேத்து ஒருவாட்டி ஓட்டிப் பாத்துரலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"தனித்தனியா அளந்தாச்சு. அது போதும்" என்றேன். (டாக்டர் பட்டம் கைக்கு வந்துவிட்டதுபோல ஒரு குரல்.)

மறுநாள் மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். சோதனைக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டியை நகர்த்திவிட்டு அவரையே அங்கு நிறுத்தினேன்.

"நின்னுடுமாடா?"

"ஒரு முழம் தள்ளியே நின்னுடும் மாமா."

வண்டி கிளம்பியது. திரையில் மாமாவின் படம் துளிகூடத் திக்காமல், அற்புதமான தெளிவோடு பெரிதாகிக்கொண்டே வந்தது. முகம், வேட்டி, கடைசியில் வெறும் வேட்டிக் கரை. பிறகு ஒரு சத்தம். மாமா தரையில் உட்கார்ந்த பிறகுதான் திரையில் அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. மேலே 'மனிதர்' என்று எழுத்து.

பேராசிரியர் ஓடிவந்தார். "என்னப்பா ஆச்சு?"

"சென்சார் கோளாறு சார்" என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மாமாவின் காலுக்குக் கீழே தன் பையை வைத்துவிட்டு, லேப்டாப்பில் வண்டியின் பதிவுகளைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். மூன்று துண்டுகள் நேரத்துக்கு முடிந்திருந்தன. நான்காவது துண்டு, நான் திரையில் காட்டிய படத்துக்கு வழிவிட்டு வரிசையில் நின்றிருந்தது.

"நீயே சொல்லிடு" என்றாள்.

சொன்னேன். ஆனால் உடனே இல்லை. எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்ன பிறகு, மாமாவின் கட்டிலருகே, பேராசிரியரிடம் சொன்னேன். அதுவரை அந்தப் பழியோடு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"அப்ப நான் நிக்கறது அதுக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?"

"தெரிஞ்சுது மாமா. இடிச்ச பிறகு."

இன்றுவரை கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "எங்க அக்கா மவன். நம்மள மனுசன்னு கண்டுபுடிச்சுடுவான். கொஞ்சம் லேட்டாவும்." கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

போன மாதம் என் கல்யாணத்துக்கு வந்த ஸ்டெல்லாவிடமும் அதையே சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"தெரியும் அங்கிள்" என்றாள்.