சுந்தரம்மாள் கூந்தலும் என் சுருள் கிராப்பும்

என் மனைவி சுந்தரம்மாளின் முடி ஏன் கொட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என வைகாசியில் சபதம் எடுத்தேன். சபதம் எடுப்பதில் எனக்கு நிகர் திண்டுக்கல்லிலேயே கிடையாது.

சிரிக்கிற விஷயமல்ல. மாசியில் டைபாய்டு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தவள். இப்போது சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. நிலக்கோட்டை மல்லிகை வாங்கி வந்தால், "வைக்கிறதுக்குத் தலையில என்ன இருக்கு?" என்று சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள்.

"கெணத்துத் தண்ணி உப்பு. அதான் காரணம்" என்றேன்.

"நல்ல தண்ணிக்கு அம்புட்டுத் தூரம் போகணுமே. குடத்தைச் சுமந்தா இருக்கிற முடியும் தேஞ்சு போகுங்க."

மறுநாள் முதல் என் சைக்கிளில் குடம் ஏறியது.

அடுத்த காரணம் தூக்கக் குறைவு என்று அறிவித்தேன்.

"புள்ள ராவெல்லாம் அழுகுதே, யாரு பாக்குறது?"

தொட்டில் கயிறு என் கைக்கு வந்தது. பிறகு, சத்துக் குறைவோ என்று சந்தேகம் வந்தது.

"நீ என்ன சாப்பிடுறே?"

"நீங்க சாப்ட்டு மிச்சம் இருக்கிறதை."

அன்றிலிருந்து முட்டை முதலில் அவள் தட்டுக்குப் போனது.

அப்படியும் முடி கொட்டுவது நிற்கவில்லை. ஆடியில் ஒருநாள், உதிர்ந்ததைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. நான் வேலை பார்க்கும் மில் ஆபீசே பொறாமைப்படும் சுருள் கிராப்பு என்னுடையது. "பழனி முருகா, இவளுக்கு முளைக்கட்டும், என் முடியைத் தாரேன்!" என்று கத்திவிட்டேன்.

அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

ஐப்பசியில் அவள் நெற்றியோரம் பொடிப்பொடியாக முடி முளைத்தது. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் செபஸ்தியம்மாள் எதிர்ப்பட்டார். உப்புத் தண்ணீரில் தொடங்கி என் ஆராய்ச்சி முழுவதையும் விளக்கினேன்.

"டைபாய்டு வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டும் தம்பி. பெறகு தன்னால முளைச்சுரும். வீட்டுக்குப் போற அன்னைக்கே உங்க சம்சாரத்துக்கிட்ட சொன்னேனே?"

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. வீட்டில் போய் நின்று கேட்டேன்.

"சொன்னாங்கதான்" என்றாள். "ஆனா கொத்தாக் கையோட வாரப்ப நம்ப முடியலீங்க. பயந்துதான் கெடந்தேன்."

"முளைச்ச பெறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள உங்களுக்குத் தண்ணி தூக்கிப் பழகிருச்சு."

"அப்ப வேண்டுதல் செல்லாது! தன்னால முளைச்ச முடிக்கு நான் எதுக்கு மொட்டை போடணும்?"

"அதைப் பழனிக்குப் போயி நீங்களே முருகன்கிட்ட கேளுங்க. முடிஞ்ச காசை நான் அவுக்க மாட்டேன்."

கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைப்பூசத்தன்று மலையடிவாரத்தில் என் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டேன். சுந்தரம்மாள் குட்டை முடியில் கொண்டை ஊசி குத்தி மல்லிகை வைத்திருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என் முடி போன காரணத்தை இந்தத் தடவை நான் ஆராய வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே பூ வைத்து நின்றது.