கூரையை விட்டு இறங்காத வாசனை

"தம்பி, உங்க மருந்து வாசனை என் தலையணையில வந்து படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது."

போனில் அந்தக் குரலைக் கேட்டதுமே கூரைக்காரருக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ரேடியோ அம்மா! ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். இப்போது தனியாக இருக்கிறார். ஆனாலும் புகாரைக்கூடத் தலைப்புச் செய்தி மாதிரிதான் சொல்வார்.

கூரைக்காரருக்கு ஓட்டுக் கூரைகளில் படியும் பாசியைப் போக்குவதுதான் பிழைப்பு. பிளீச்சும் சோப்பும் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கறுத்துக் கிடக்கும் ஓடு புதுசாய்ச் சிவக்கும். முந்தின நாள்தான் ரேடியோ அம்மா வீட்டுக் கூரையை முடித்திருந்தார். தெருச் சங்கத்தின் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்: "முதல்ல அந்தம்மா வீட்டைப் பண்ணுங்க. அவங்க வாயால திருப்தின்னு வரட்டும், மொத்தத் தெருவும் உங்களுக்குத்தான். வரலைன்னா நடையைக் கட்டுங்க." ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவருக்கு ஒரு தெரு என்பது ஒரு வருஷச் சோறு.

ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

"நீங்களே மோந்து பாருங்க" என்று ரேடியோ அம்மா அவரைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்தார்.

கூரைக்காரர் மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காலமெல்லாம் பிளீச்சைச் சுவாசித்து அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. மனைவி இருந்த வரை அந்த வேலையையும் அவளே பார்த்துக்கொண்டாள். வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்த்துவிட்டு, "போய் இன்னொரு தடவை குளிச்சிட்டு வாங்க" என்பாள். அவள் போன பிறகு சொல்ல ஆளில்லை. எந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து போவார். அதை வைத்துத்தான், ஓகோ, இன்றைக்கு நம் மேல் வாசனை இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? செவிடர் வீணைக்குச் சுருதி சேர்க்க வந்த கதையாகிவிடாதா?

"ஆமாம்மா, லேசா அடிக்குது."

"லேசாவா? நல்லா இழுங்க."

"ஐயய்யோ, ஆமாம்மா! தூக்கலாவே அடிக்குது."

ரேடியோ அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "உக்காருங்க, டீ போடறேன்" என்றார்.

டீ குடித்துவிட்டுக் கூரை முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவினார் கூரைக்காரர். சும்மா கழுவவில்லை, ஆத்திரத்தோடு கழுவினார். அதில் ஓர் ஓடு நகர்ந்து, கூடத்துச் சோபாவில் மழை பெய்தது.

பதறிப்போய் இறங்கி வந்தவரிடம், "பரவாயில்ல தம்பி, காயட்டும். அதுவரைக்கும் உக்காந்து பேசுவோம்" என்றார் ரேடியோ அம்மா. ஒரு புயல் அன்று நிலையத்துக்கு வேறு யாரும் வராமல், விடிய விடியத் தானே செய்தி வாசித்த கதையைச் சொன்னார். ஊரே தன் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றார். சோபா காய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் கதை காயவில்லை.

மறுநாள் மறுபடியும் போன்.

"தம்பி, இப்ப நீச்சல் குளத்துல குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு."

"வேற வைத்தியம் இருக்கும்மா, வரேன்."

வாசனையை அமுக்கவென்றே எலுமிச்சை மணம் போட்ட திரவம் ஒன்று கடையில் விற்கிறார்கள். புட்டியில் போட்ட அளவைப் படிக்கப் பொறுமையில்லாமல், முழுப் புட்டியையும் கூரையிலும் சுவரிலும் அடித்துத் தீர்த்தார். அதில் என்ன இனிப்பைக் கண்டதோ, அந்த வட்டாரத்து எறும்பெல்லாம் குடும்பத்தோடு கிளம்பிவந்து சுவரில் சாரை சாரையாக ஏறின. இருவரும் ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரை எறும்பு விரட்டினார்கள். நடுவில் ரேடியோ அம்மா போருக்கு வர்ணனை வேறு சொன்னார். கூரைக்காரர் சிரித்துச் சிரித்துத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

"வினிகர் தெளிச்சா போயிடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார் ரேடியோ அம்மா.

"அம்மா தாயே! பிளீச்சோட வினிகர் சேர்ந்தா விஷப்புகை. ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"ரெண்டு பேருமா? அப்ப பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூரைக்காரருக்கு என்னவோ செய்தது.

அடுத்து அடுப்புக்கரி. கரி எந்த வாசனையையும் இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, தட்டுத் தட்டாகக் கரித்தூளை வீடெங்கும் பரப்பினார். "புழுக்கமா இருக்கே" என்று ரேடியோ அம்மா மின்விசிறியைப் போட்டார். அவ்வளவுதான். கரி கிளம்பியது. இருவரும் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றார்கள். நீலப்பூப் போட்ட திரைச்சீலைகள் சமையல்கட்டுத் துணியாகிவிட்டன.

"கவலைப்படாதீங்கம்மா, நானே துவைச்சுத் தரேன்" என்று அவற்றை அள்ளிக்கொண்டு போனார். போனவர் எதில் ஊறவைத்தார் என்று கேட்கிறீர்களா? பழகின கை, வேறு எதைத் தேடும்! பிளீச்சில்தான். எடுத்துப் பார்த்தபோது கரியும் இல்லை, பூவும் இல்லை. தும்பைப்பூ வெள்ளை.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து மாட்டினார். ரேடியோ அம்மா கோபிக்கவே இல்லை. "வீட்டுக்கு இப்பத்தான் வெளிச்சமே வந்திருக்கு" என்றார். டீயைக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தார். நகரவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று கூரைக்காரர் வியந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்து வாசலில் நின்றார்.

"என்னம்மா, வேலை திருப்திதானே? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிட்டா, தெருவை இவருக்கே குடுத்துடலாம்."

ரேடியோ அம்மா கூரைக்காரரைப் பார்த்தார். பிறகு காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"வாசனை இன்னும் போகலையே" என்றார். செய்திக் குரல் இல்லை, கேட்பதற்கே சின்னக் குரல்.

"நாளைக்குக் காலை வரைக்கும் பார்ப்போம். அப்புறம் வேற ஆள்தான்" என்று செயலாளர் போய்விட்டார்.

கூரைக்காரர் எழுந்தார். "அம்மா, எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் தீர்ந்து போச்சு. அவர் சொல்றபடி வேற ஆளே வந்து பார்க்கட்டும்."

"வேற ஆள் எதுக்கு? நீங்களே வாங்க தம்பி. நாளைக்கும் வாங்க."

கெட்ட மூக்கை நம்பி ஆற்றில் இறங்கியது போதும், நல்ல மூக்கு ஒன்றைக் கையோடு பிடித்து வந்து வாசனை எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று, நேரே எதிர்வீட்டு டெய்லரிடம் போனார் கூரைக்காரர்.

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஒரு நிமிஷம் அந்தம்மா வீட்டுக்கு வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க. எல்லாம் பண்ணிட்டேன், பிளீச் வாசனை போகவே மாட்டேங்குது."

டெய்லர் மிஷினை நிறுத்தினார். "அது நீங்க அடிச்ச அன்னைக்குச் சாயங்காலமே போயிடுச்சே அண்ணே! இப்ப உங்க மேலதான் அடிக்குது. போகலைன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"அந்தம்மாதான். தினம் போன் போட்டுச் சொல்றாங்க."

டெய்லர் அவரையும் எதிர்வீட்டு வெள்ளைத் திரைச்சீலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன மாசம் அடுப்புல பாத்திரம் தீஞ்சு தெருவே ஓடி வந்தப்போ, பக்கத்துலயே உக்காந்து நிம்மதியா பேப்பர் படிச்சிட்டிருந்தவங்க அண்ணே அவங்க, ஒரு காய்ச்சல்ல மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு!"