ரெட்டைக் கனச் சுவர்

பெரிய அறை தனக்குத்தான் என்று மதலைமுத்து முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2001ஆம் வருஷம். பெங்களூர் அல்சூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று என இரண்டு அறைகள் கட்ட இருந்தார்கள். பெரியது சமையலறையாக வேண்டும் என்றாள் சாந்தகுமாரி. திரும்பினால் முழங்கை இடிக்கும் அடுப்படியில் கல்யாணமான நாளிலிருந்து வெந்தவள், கேட்டது நியாயம்தான். ஆனால் மதலைமுத்துவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்ததே! பீன்யாவில் ஒரு கான்ட்ராக்டரிடம் எஸ்டிமேட் போடுகிறவர் அவர். அறையின் அளவைத் தட்டினால் செங்கல் எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்று ஃபார்முலா சொல்லிவிடும். ஃபார்முலா எழுதுவது யார்? அவர்தான். பிறகென்ன கவலை?

புதிதாக ஒரு வரி சேர்த்தார்: அறையின் பெயர் சமையலறை என்றால், சுவரின் கனம் இரண்டு மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“பாரு சாந்தா, பெரிய ரூமுக்குச் சமையலறைன்னு பேரு போடுறேன்.”

தட்டினார். செங்கல் எண்ணிக்கை எகிறியது.

“ஐயையோ! மாதா கோயிலா கட்டப் போறோம்?”

“அடுப்புச் சூடு தாங்கணுமில்ல? அதான் ரெட்டைக் கனச் சுவர். நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது.”

“அதுக்கே கம்ப்யூட்டர் ரூம்னு பேரு போட்டா?”

தட்டினார். எண்ணிக்கை பாதியாக விழுந்தது.

சாந்தகுமாரி திரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரூம் அதேதானே?”

“அதேதான்.”

“பேரு மட்டும்தான் மாறுது?”

மதலைமுத்து திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “டெக்னிக்கல் விஷயம். உனக்குப் புரியாது.”

“புரியலதாங்க. அப்ப பெரிசுக்குக் கம்ப்யூட்டர் ரூம்னே போடுங்க. சின்னதுக்குச் சமையலறைன்னு போட்டு பிரின்ட் எடுங்க. நானே மேஸ்திரிகிட்ட குடுத்துடறேன்.”

இவ்வளவு சுலபமா! மதலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார்.

அந்தச் சமயம் பார்த்து ஆபீஸ் அவரை மைசூர் சைட்டுக்கு அனுப்பிவிட்டது. திரும்பி வந்தபோது பூச்சு வேலை வரை முடிந்திருந்தது. பெட்டியைக்கூட வைக்காமல் ஓடிப்போய்ப் பெரிய அறைக் கதவைத் திறந்தார். மூன்று பக்கமும் கடப்பைக்கல் மேடை. தொட்டி. குழாய். நடுவில் சாந்தகுமாரி இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். எங்கேயும் இடிக்கவில்லை.

“அடியே, இது கம்ப்யூட்டர் ரூம்!”

“யாரு இல்லன்னா? பேரு அப்படியேதான் இருக்கு. கம்ப்யூட்டர் ரூம்னு பேரு வச்சாத்தான் கல்லு கம்மின்னு நீங்கதானே காட்டினீங்க?”

வாதாட வேண்டுமானால் ஃபார்முலாவில் செய்த தில்லுமுல்லை ஒப்புக்கொள்ள வேண்டும். மதலைமுத்து சின்ன அறைக்கு நடந்தார்.

வாசலில் மேஸ்திரி வெங்கடசாமி சிரித்துக்கொண்டு நின்றார். “பிரின்ட்ல இருந்தபடியே கட்டிட்டேன் சார். இந்த ரூமுக்கு ரெட்டைக் கனம். வெளிய காம்பவுண்டு, எடமில்ல. சுவரை உள்பக்கமா ஏத்திட்டேன்.”

மேஜை எப்படியோ உள்ளே போயிருந்தது. நாற்காலி போகவில்லை. மதலைமுத்து ஒருக்களித்து நுழைந்து, நின்றபடியே கம்ப்யூட்டரைப் போட்டார்.

பின்னாலிருந்து ஒரு கை காபியை நீட்டியது.

“நிம்மதியா வேலை பாருங்க. என் அடுப்புச் சூடு துளிகூட உங்க பக்கம் வராது.”