ஒன்பதாம் வகுப்பின் யானைப் பயம்

பாஜிலாவுக்கு யானை என்றால் பயம் என்ற விஷயம், தேக்கடிக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் நௌஷாத் சாருக்குத் தெரியவந்தது.

"ராத்திரி அங்கன தங்கணும்னா பயமா இருக்கும் சார். யானை வரும். நான் வரல," என்றாள் அவள். சொல்லிவிட்டு அமைதியாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு பிள்ளை வராவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். முழுகிப்போகும் என்பதுதான் நௌஷாத்தின் நிலைமை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கு அவர் அறிவியல் ஆசிரியராக வந்து மூன்று வருடமாகிறது. ஒன்பதாம் வகுப்பைப் பெரியாறு தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போய் ஒரு ராத்திரி தங்கவைக்க வேண்டும் என்று மூன்று வருடமும் கேட்டார். தலைமையாசிரியை சாராள் டீச்சர் முதல் வருடம் மழை என்றார். அடுத்த வருடம் வெயில் என்றார். இந்த இரண்டாயிரத்து நான்கில்தான் சரி என்றார். அதற்கும் ஒரு நிபந்தனை. வகுப்பிலுள்ள பெண் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வர வேண்டும்; ஒரு பிள்ளை நின்றாலும் பயணம் ரத்து.

தன்னை மடக்குவதற்காகவே இப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார் என்பதில் நௌஷாத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. அந்த வகுப்பில் யாரை மலை வரையச் சொன்னாலும் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மலையை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய கவலையும் அவருக்கு இருந்தது. பத்தாவது முடிந்ததும் பெண்களில் பாதிப் பேர் வீட்டோடு நின்றுவிடுவார்கள். இந்த வருடம் விட்டால், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் நீலமாகத் தெரிவதுதான் அவர்களுக்குக் காடு. அதை நினைக்கையில் அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

அன்று மாலையே பாஜிலாவின் அத்தா சம்சுதீனைப் பார்க்கப் போனார். முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு.

"பயந்த புள்ள சார் அது. ராத்திரி கொல்லைக்குப் போகக்கூட அவ அம்மா வேணும்," என்றார் சம்சுதீன், மிளகு நிறுத்துக்கொண்டே.

நௌஷாத் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைக் கொடுத்தார். "அப்ப அவுக அம்மாவையும் கூட அனுப்புங்களேன் அண்ணே."

கடைக்குப் பின்னால் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

சம்சுதீனின் மனைவி அம்சத் பீவி நல்லது கெட்டதென்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார். உடம்புக்கு முடியாவிட்டால் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போவார். வேடிக்கை பார்ப்பதற்கென்று எங்கும் போனதில்லை. அப்படி ஒரு பழக்கம் அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கிடையாது. ஆனால் இது பிள்ளை விஷயம். சம்சுதீன் மிளகைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, "புள்ளைக்காகன்னா சரி," என்றார்.

சிக்கலைத் தீர்த்துவிட்ட நிம்மதியில் நௌஷாத் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலையில் இன்னும் ஆறு பெண்களுக்குப் பயம் வந்திருந்தது.

ஒருத்திக்கு இருட்டு, ஒருத்திக்குப் புலி, நாகஜோதிக்கு அட்டைப்பூச்சி. மற்றதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அட்டைதான் புரியவில்லை. நாகஜோதியின் தாயார் மொக்கம்மாள் தினமும் கருக்கலில் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். காலில் ஏறுகிற அட்டையை, சேலையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பவர். நௌஷாத் அவரிடமே போய்க் கேட்டார்.

"எனக்குப் பழக்கம் சார். புள்ளைக்கு ஏது? நானும் கூட வந்தா பயப்படாது," என்றார் மொக்கம்மாள். அந்த ரெண்டு நாளும் வேலைக்கு வரவில்லை என்று ஜீப்காரரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

இப்படியே போனால் சரிப்படாது, பயத்தை அடியோடு போக்கிவிட வேண்டும் என்று நௌஷாத் முடிவெடுத்தார். காமயகவுண்டன்பட்டியில் ராக்கையா என்று ஓய்வு பெற்ற வனக்காவலர் ஒருவர் இருந்தார். அவரை வகுப்புக்கு அழைத்துவந்து தைரியம் சொல்லச் சொன்னார்.

ராக்கையா நல்ல மனிதர். காட்டில் பயப்பட ஒன்றுமே இல்லை என்றுதான் ஆரம்பித்தார். அதற்கு ஆதாரமாக, யானை தன்னைத் துரத்திய கதையைச் சொன்னார். தான் தப்பித்துவிட்டதால் யானைக்குப் பயப்பட வேண்டாம் என்றார். அடுத்து கரடி. கரடியிடம் மாட்டியது கூட வேலை பார்த்த இன்னொரு காவலர். அவரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார், ஒரு காது மட்டும்தான் இல்லை என்றார். பையன்கள் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பாஜிலா எழுந்து, கரடி ஏரிக்கரைக்கு வருமா, படகில் இருந்து பார்த்தால் தெரியுமா என்று கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்க, இன்னும் யாருக்குப் பயம்?" என்று ராக்கையா முடித்தார்.

பெண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாராள் டீச்சர், தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்தத் தலையாட்டலில் ஒரு திருப்தி தெரிந்தது. நௌஷாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் மழையென்றும் வெயிலென்றும் தடுத்தவர், இப்போது பிள்ளைகளின் பயத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று மனதுக்குள் திட்டினார்.

மறுநாளிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராக உதிர ஆரம்பித்தார்கள். பயம் என்ற வார்த்தையை அவர்களில் ஒருவனும் சொல்லவில்லை. ஒருவனுக்கு மாமா கல்யாணம். ஒருவனுக்கு அந்தத் தேதியில் காய்ச்சல் வரும்போல இருந்தது. வகுப்புத் தலைவன் மதன்குமார், அன்றைக்குத் தங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் இருக்க வேண்டும் என்றான். அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் கிடையாது.

காட்டில் தங்கும் கூடத்தில் முப்பது கட்டில்தான். அதைப் பெண்களும் அவர்களுக்குத் துணையாக வரும் அம்மாக்களுமே நிறைத்துவிட்டார்கள். இதைக் குமுளியிலிருக்கிற வன அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னால், இது மாணவர் முகாம், அம்மாக்களுக்கெல்லாம் இடம் கொடுக்க முடியாது என்று மலையாளத்தில் பதில் வந்தது. நௌஷாத் கையைப் பிசைந்துகொண்டு சாராள் டீச்சர் முன்னால் போய் நின்றார். ரத்து என்ற வார்த்தையைக் கேட்கத் தயாராகத்தான் போனார்.

டீச்சர் தன் மேஜையிலிருந்த போனை எடுத்துக் குமுளிக்குப் போட்டு, அவரும் மலையாளத்தில் பேசினார். அவருக்கு அந்த பாஷை வரும் என்பதே நௌஷாத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும். போனை வைக்கும்போது அம்மாக்கள் எல்லோரும் 'பாதுகாவலர்' ஆகிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பையன்களுக்கு அடுத்த மாதம் தனியாக ஒரு நாள் என்றும் முடிவாகிவிட்டது.

"வேற என்ன சார் செய்ய? புள்ளைக பயப்படுதுக," என்றார் டீச்சர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

சனிக்கிழமை அம்மாக்கள் கூட்டம் நடந்தது. காட்டில் சத்தம் போடக்கூடாது, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடுத்தக்கூடாது, இலைப்பச்சை உத்தமம் என்று நௌஷாத் விளக்கினார். அம்மாக்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, கம்பத்தில் ஒரே கடையில் ஒரே இலைப்பச்சையில் சேலை எடுத்தார்கள். ஜரிகை இல்லாமல் அந்தப் பச்சை கிடைக்கவில்லையாம். புர்கா போட்டவர்கள், உள்ளே அதே சேலைதான் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் நம்பிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று காலையில் பஸ்ஸைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பெண் அழைக்கப் போகிற வண்டி மாதிரி இருந்தது. புளியோதரை, முறுக்கு, சுக்குக்காப்பி என்று தூக்குவாளிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கடைசியாகக் கையில் பையோடு சாராள் டீச்சரும் ஏறினார்.

"இத்தனை பொம்பளைகளுக்கு நடுவுல நீங்க ஒத்த ஆம்பள. நல்லாருக்காது சார்," என்றார்.

தையல் டீச்சர்தான் துணைக்கு வருகிறாரே என்று நௌஷாத் நினைவுபடுத்தினார். அவரை நேற்றே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி, சாராள் டீச்சர் முன்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவர் கட்டியிருந்ததும் இலைப்பச்சைதான்.

கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் பஸ் மலை ஏறத் தொடங்கியது. பயந்த பிள்ளைகள் வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூச்சல் போட்டன. அடக்க வேண்டிய அம்மாக்கள் அதைவிடச் சத்தமாகக் கூச்சல் போட்டார்கள். பூங்காவின் வாசலில் பஸ் நின்றபோது, தினமும் இந்த வழியாகத்தான் ஜீப்பில் போவதாகவும் உள்ளே ஒருநாள்கூட வந்ததில்லை என்றும் மொக்கம்மாள் சொன்னார். நௌஷாத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்ததால் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சாயங்காலப் படகு ஏரியில் ஒரு திருப்பம் திரும்பியதும் கரையில் யானைகள் நின்றன. கூடவே ஒரு குட்டி. சத்தம் போடக்கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. ஆனால் படகில் ஒரு பேச்சு இல்லை. அம்சத் பீவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தார்.

"எங்க வீட்டுல இருந்து பார்த்தா இந்த மலை தெரியும் சார்," என்றார் மெதுவாக. "மேல இம்புட்டுத் தண்ணி கிடக்கும்னு நெனைச்சதே இல்ல."

எத்தனையோ சிக்கல், எப்படியோ வந்து சேர்ந்தாயிற்று. ஒரு பெண் பிள்ளைகூட நிற்கவில்லை. நௌஷாத்துக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவோடு திரும்பியவர், பாஜிலா பாதி உடம்பைப் படகுக்கு வெளியே நீட்டி யானைக்குட்டியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பதறிப்போய் அவளை உள்ளே இழுத்தார்.

"யானை இம்புட்டுப் பக்கத்துல நிக்குது. ஒனக்குப் பயமா இல்லையா?"

பாஜிலா முன்னால் உட்கார்ந்திருந்த சாராள் டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது அம்மாவ வெளிய கூட்டியாறதுக்குச் சொன்னது சார். எப்படிப் பயப்படணும்னு ஹெச்.எம். டீச்சர்தான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாக."