பதினேழாம் பக்கத்து முந்திரிப்பழம்

விஞ்ஞானம் எங்கே பிறந்தது என்று கிரேக்கர்களும் அரபிகளும் அடித்துக்கொண்டு கிடக்கட்டும். தென்னார்க்காடு ஜில்லாவில் அது பிறந்த இடம், நாள், நேரம் மூன்றும் எனக்குத் தெரியும். இடம் கடலூர் மஞ்சக்குப்பம். நாள் 1966 மே மாதம் பதினாறாம் தேதி. நேரம் காலை பத்து மணி; தலைமை விருந்தினர் தாமதமாக வந்ததால் உண்மையில் பிறந்தது பதினொன்றே முக்காலுக்கு. பிரசவம் பார்த்தவன் நான்.

புதிதாக வேலைக்கு வந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் நாற்பத்திரண்டு பேருக்குப் புதிய விஞ்ஞானப் பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தும் ஆறு நாள் பயிற்சி முகாம் அது. பள்ளி மேற்பார்வையாளர்களில் ஒருவனான நான் முகாம் செயலாளர். அந்தப் பதவிக்கு ஏன் என்னைப் போட்டார்கள் என்று பொறாமைக்காரர்கள் சிலர் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டுவிட்டவன் நான். அதைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. இவ்வளவு திறந்த மனம் மற்ற மேற்பார்வையாளர்களிடம் இல்லை என்று மேலிடம் கருதியது.

பழைய முறையில் ஆசிரியர் சொல்வார், பிள்ளை நம்பும். புதிய முறையில் பிள்ளை தானே செய்து, தானே பார்த்து, தானே கண்டறிய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை வேறு எதையாவது கண்டறிந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது? இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து அணை போட்டவர் சிதம்பரம் தில்லைநாதன் அவர்கள். அவர்தான் எங்கள் 'பாட வல்லுநர்'. அவர் எழுதிய 'விஞ்ஞான வழிகாட்டி'யில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். இடப்பக்கம் 'செய்ய வேண்டியது'. வலப்பக்கம் 'கண்டறிய வேண்டியது'.

ஆளுக்கொரு 'உற்றுநோக்கல் குறிப்பேடு' கொடுத்தோம். மறுநாள் சோதனையில் கண்டறியப் போவதை முந்தின நாளே அதில் பார்த்தெழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சோதனை அப்புறம் நிதானமாக நடக்கும். மற்ற தேசங்களில் விஞ்ஞானிகள் கண் விழித்து, தாடி வளர்த்து, வருஷக்கணக்கில் காத்திருப்பது இந்த ஒரு ஏற்பாடு இல்லாததால்தான்.

முதல் நாள் வல்லுநர் 'உற்றுநோக்கல்' என்ற பொருளில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். இரண்டாம் நாள் காந்தம் இரும்பை இழுக்கும் என்று நாற்பத்திரண்டு பேரும் கண்டறிந்தார்கள். காந்தம் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவியை வல்லுநர் சிதம்பரத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் முடிவில் எந்த மாறுதலும் ஏற்படவில்லை.

மூன்றாம் நாள் பதினேழாம் பக்கம். 'பழமும் விதையும்'. இடப்பக்கம், 'உள்ளூரில் கிடைக்கும் பழம் ஒன்றை நறுக்குக' என்று இருந்தது. வலப்பக்கம், 'எல்லாப் பழங்களிலும் விதை உள்ளே இருக்கும்' என்று இருந்தது. அவரவர் ஊர்ப் பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் மீன்தான் கிடைக்கும், கொண்டுவரலாமா என்று கேட்டார். பழப் பாடத்துக்கு மீன் ஆகாது என்று சபையில் மறுத்துவிட்டு, வஞ்சிரமாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று தனியே சொல்லி வைத்தேன்.

மாதிரிப் பாடம் நடத்த அன்று முறை வந்தது சைனம்பு என்ற ஆசிரியைக்கு. காடாம்புலியூர்ப் பெண். அப்பா குலாம் முகம்மது முந்திரிப் பருப்பு வியாபாரி. அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷமாக ஆசிரியரே இல்லாமல் கிடந்த ஒரு பள்ளிக்கு அந்தப் பெண்ணை நியமித்து உத்தரவு வந்திருந்தது. ஜூன் ஆறாம் தேதி, பயிற்சிச் சான்றிதழுடன் போய்ச் சேர வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போகும் முதல் பெண் என்று அப்பா வீடு வீடாகப் பூந்தி கொடுத்துவிட்டாராம். கொடுத்த பூந்தியைத் திரும்ப வாங்க முடியாது அல்லவா?

சைனம்பு பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது ஒரு முந்திரிப்பழம். நல்ல மஞ்சள். அடியில் கொட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

கொட்டையைத் திருகி ஓரமாக வைத்துவிட்டுப் பழத்தை நறுக்கினார். உள்ளே விதை இல்லை. வல்லுநர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நறுக்கச் சொன்னார். நறுக்கினார். மறுபடியும் சொன்னார். பழம் சட்னியாகி மேஜை முழுக்க ஓடியதே தவிர விதை வரவில்லை.

"இதுல உள்ள கெடையாது சார். வெளிய தொங்குது பாருங்க" என்றார் சைனம்பு.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பண்ருட்டிப் பக்கம். பல் முளைத்த நாளாக உப்பைத் தொட்டுக்கொண்டு முந்திரிப்பழம் தின்கிறவர்கள். அவர்கள் தங்கள் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். 'விதை உள்ளே இருந்தது' என்று நேற்றே எழுதி என் கையெழுத்தும் ஆகியிருந்தது. அப்புறம் என்ன பேச்சு? மேஜைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

சைனம்பு மட்டும் தன் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'விதை வெளியே இருந்தது' என்று எழுதினார். என் கையெழுத்துக்கு மேலேயே எழுதினார். முப்பது வருஷ சர்வீசில் என் கையெழுத்துக்கு அப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

வல்லுநர் விட்டாரா? வெளியே தொங்குவது விதையா இல்லையா என்று தாமே சோதித்துவிடுவதென்று பச்சைக் கொட்டையைக் கையில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அவர் சிதம்பரத்துக்காரர். வறுத்த பருப்பைப் பாயசத்தில் மட்டுமே சந்தித்தவர்.

"சார், கடிக்காதீங்க. ஓட்டுல எண்ணெ இருக்குது, பட்டா வாய் வெந்துடும்" என்று சைனம்பு பதறினார்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதம்மா. அவரு வல்லுநர்" என்று நான் அடக்கினேன். மேலதிகாரி ஒரு காரியத்தில் இறங்கும்போது குறுக்கே பேசுவது ஒழுங்கல்ல. கொட்டை எண்ணெய் சுடும் என்று எனக்கும் தெரியும், இன்னும் இருபது பேருக்கும் தெரியும். எல்லோரும் ஒழுங்காக இருந்தோம். வல்லுநர் கடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அலுவலக மொழியில் 'சிறு இடையூறு' என்பார்கள். பியூன் பொன்னுரங்கம் தேங்காயெண்ணெய்க்கு ஓடினான்.

பிற்பகல் மூன்று பேர் குழு ஒன்று கூடியது. வல்லுநர் தலைவர், நான் உறுப்பினர், இன்னொரு உறுப்பினரான தலைமையாசிரியர் ஒருவர் கூட்டம் முழுவதும் தூங்கினார். வழிகாட்டியில் தவறு இருக்க வழியில்லை; அது அச்சாகிவிட்டது. ஆகவே மூன்று காரணங்களே மிஞ்சின. ஒன்று, அந்தப் பழம் பழமல்ல. இரண்டு, அந்த விதை விதையல்ல. மூன்று, அந்த ஆசிரியை ஆசிரியையல்ல. முதல் இரண்டையும் நிரூபிக்க விவசாய இலாகாவுக்கு எழுத வேண்டும், ஆறு மாதம் ஆகும். மூன்றாவது எங்கள் அதிகாரத்திலேயே இருந்தது. சைனம்புவின் சான்றிதழை நிறுத்தி வைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

மறுநாள் காலை அந்தப் பெண் முதல் பஸ்ஸில் வந்து, வல்லுநரின் அறை வாசலில் நின்றார். அழுது மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி நானே கதவைத் திறந்துவிட்டேன். கையில் ஒரு முந்திரிக் கொத்து இருந்தது. அதில் பூ இருந்தது, பூ உதிர்ந்த இடத்தில் பயறு அளவில் பச்சைப் பிஞ்சு இருந்தது, பழுத்த பழமும் இருந்தது.

"சார், நான் எழுதுனதுதான் தப்பு. புஸ்தகம் சரி" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் சான்றிதழ் அப்போதே கைக்கு வந்திருக்கும்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் சார். வெடிஞ்சதும் கொல்லையில போய்ப் பாத்தேன். பூ உதுந்ததும் மொதல்ல வர்றது இந்தக் கொட்டைதான். அதுக்கு அப்புறந்தான் மேல இருக்கிற காம்பு வீங்கிப் பழமாட்டம் ஆவுது. அப்ப நம்ம திங்கிறது காம்புதான் சார், பழம் இல்ல. கொட்டைதான் காய். வெதை அதுக்குள்ளதான் இருக்குது." எண்ணெய் சுடாமலிருக்க விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொண்டுவந்திருந்த கத்தியால் பச்சைக் கொட்டையை இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளையாகப் பருப்பு.

வழிகாட்டியின் பதினேழாம் பக்கம் காப்பாற்றப்பட்டுவிட்டது. வல்லுநர் எழுந்து கைகொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உதடு இரண்டும் இட்லியாக வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். 'நான் எழுதியது சரி என்று சொல்ல இவள் யார்?'

நியாயமான கேள்வி. முந்தின நாள் செய்தது வெறும் பிழை. வல்லுநர் தவறு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதை மன்னித்தும் விடலாம். அவர் சரி என்று, அதுவும் அவருக்கே தெரியாத ஒரு காரணத்தால் சரி என்று, அனுமதி இல்லாமல் கண்டறிவது எவ்வளவு பெரிய குற்றம்? சனிக்கிழமை நாற்பத்தொரு பேர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். சைனம்பு, மே முப்பதாம் தேதி சிதம்பரத்தில் தொடங்கும் அடுத்த முகாமில் முதலிலிருந்து பயிற்சி பெற வேண்டும் என்று உத்தரவாயிற்று. அது ஜூன் நாலாம் தேதி முடியும். அங்கேயும் சான்றிதழ் நின்றுவிட்டால் அண்ணாகிராமத்துப் பள்ளி கைவிட்டுப் போகும்.

சிதம்பரத்திலும் நானே செயலாளர். வெற்றிகரமாக நடத்துகிறவனைத்தானே மறுபடி கூப்பிடுவார்கள்? சைனம்பு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, காந்தம் இரும்பை இழுக்கும் என்று இரண்டாம் முறையாகக் கண்டறிந்தார். காந்தம் இந்தத் தடவை கடலூரில் இருந்தது.

மூன்றாம் நாள் பதினேழாம் பக்கம் வந்தது. உதடு ஆறிய வல்லுநர் மேடைக்கு வந்தார். பொன்னுரங்கம் ஒரு தட்டில் முந்திரிக் கொத்தை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தான். 'என்னுடைய நெடுநாள் ஆராய்ச்சியின் பயனாக' என்று வல்லுநர் தொடங்கினார். பூ உதிர்ந்ததும் முதலில் வருவது கொட்டையே, பிறகு காம்பு வீங்குகிறது, நாம் தின்பது காம்பு, கொட்டையே காய், விதை அதனுள்ளே. ஒரு சொல் விடவில்லை. கேட்டவர்கள் கைதட்டினார்கள். இந்த உண்மையைக் கண்டறியத் தமது உதட்டையே பணயம் வைத்ததை அவர் அடக்கத்தோடு குறிப்பிட்டபோது மறுபடியும் கைதட்டினார்கள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் வல்லுநர்.

சைனம்பு எழுந்து நின்றார். இன்னும் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வேலை. வாயைத் திறந்தால் போயிற்று. உட்காரம்மா, உட்காரம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சமும் எனக்காக நிறையவும் கெஞ்சினேன். கடலூரில் நடந்ததைச் சொல்லிவிட்டால் விசாரணை வரும், விசாரணையில் முதல் சாட்சி நான்.

சைனம்பு தட்டிலிருந்த கொத்தைப் பார்த்தார். வல்லுநரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க சார். நல்லா வெளங்குது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வல்லுநர் முகம் மலர்ந்தது. இந்த ஆசிரியையின் உற்றுநோக்கும் திறன் வெகுவாக முன்னேறியிருக்கிறது என்று என்னிடம் காதோடு சொன்னார். நாலாம் தேதி சைனம்பு கைக்கு வந்த சான்றிதழில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். அதன் கீழே போட்டவன் நான்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் மேஜையருகே வந்து சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் வாழ்த்துச் சொன்னேன். திங்கட்கிழமை காலையிலேயே பள்ளியைத் திறந்துவிடுவதாகவும், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பேர் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. புறப்பட்டவர் வாசலில் நின்று திரும்பினார்.

"சார், உங்களுக்கு எந்த ஊரு?"

"காடாம்புலியூர்தாம்மா. மேலத் தெரு."

"முந்திரிக் கொல்லை இருக்குதா?"

"பதினோரு மரம். எங்க தாத்தா வெச்சது."

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். கதவைப் பிடித்தபடி நின்ற அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன்: பயிற்சி முழு வெற்றி.