மாப்பிள்ளை ரத்தம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அது அரியலூரில் ஒரு தனியார் ரத்த வங்கி. அதன் மூத்த டெக்னீஷியன் பஞ்சநாதன். அவர் மகள் பூவிழி. அவருக்கு உதவியாக இருந்த சாந்தா. உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த அய்யம்பெருமாள். அவர் மகன் சுதர்சன். ஆறாவதாக யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அது 1999. பூவிழிக்கும் சுதர்சனுக்கும் ஜாதகம் பொருந்தி, நாள் குறிப்பது மட்டும் பாக்கி. ரத்தமும் பார்த்துவிடலாம் என்றவர் பஞ்சநாதன். குரூப் பார்த்தால் மட்டும் போதாதாம். கண்ணாடித் துண்டில் பூசி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். அவர் குடும்பத்தில் சம்பந்தம் செய்வது விளையாட்டுக் காரியம் அல்ல.

திரைக்கு அந்தப் பக்கம் சுதர்சனை உட்கார வைத்து, ஊசியோடு போனாள் சாந்தா. காப்பி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பூவிழியும் பின்னாலேயே போனாள். சற்று நேரத்தில் மூன்று ஸ்லைடுகள் பஞ்சநாதன் மேசைக்கு வந்தன.

முதல் ஸ்லைடில் சாயம் ஊற்றி, தண்ணீர் கலந்து, கழுவிக் காயவைத்து, கண்ணை வைத்தார். எல்லாம் நீலம். சிவப்பணுகூட நீலம்.

"என்ன சம்பந்தி, எப்படி இருக்கு?" என்றார் அய்யம்பெருமாள்.

"கொஞ்சம் நீலமா இருக்குங்க."

"எங்க ரத்தமா?"

"தண்ணிங்க. இந்த ஊரு போர் தண்ணி பூரா சுண்ணாம்பு."

அந்தச் சுண்ணாம்பைச் சரிக்கட்டும் மாத்திரை தீர்ந்திருந்தது. வாங்கி வைக்க மறந்தவர் பஞ்சநாதனே. அதை அவர் சொல்லவில்லை. சுண்ணாம்புக்குப் புளிப்புதானே மாற்று என்று எதிர்க் கடையிலிருந்து எலுமிச்சம்பழம் வரவழைத்து, தண்ணீரில் பிழிந்தார். இரண்டாவது ஸ்லைடு முழுக்க ஒரே சிவப்பு.

"இப்ப?"

"செவப்பா இருக்குங்க."

"ரத்தம் செவப்பாத்தானேய்யா இருக்கும்? இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய மெஷினு?"

சாந்தா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இருமினாள்.

பஞ்சநாதனுக்குக் காது சூடேறிவிட்டது. ஒர்க் ஷாப்பிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கிவரச் செய்தார். இம்முறை பிசகக் கூடாது என்று சாயத்தைக் கூடுதல் நேரம் விட்டார். அதற்குள் அய்யம்பெருமாள் முந்திரி விலையை ஆரம்பிக்க, பேச்சு வளர்ந்து, சாயம் கண்ணாடியிலேயே காய்ந்துபோயிற்று. மூன்றாவது ஸ்லைடு முழுக்கக் கருநீலப் பொடி.

"சே, அழுக்கு!" என்றார் பஞ்சநாதன்.

காய்ந்த சாயப் பொடிக்கு அந்த மேசையில் வழங்கும் பெயர் அது. அய்யம்பெருமாளுக்கு அது தெரிய வழியில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாரு ரத்தம்யா அழுக்கு?"

சாயம் காய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அது அவர் மேசை, அவர் கை செய்த பிழை. கேட்பவரோ மாப்பிள்ளையைப் பெற்றவர். பஞ்சநாதன் முதுகு நிமிர்ந்தது.

"கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

"அப்பா, அது வந்து..." என்றாள் பூவிழி.

"பெரியவங்க பேசறப்ப நீ என்ன? சும்மா இரு!"

சுதர்சன் வாயைத் திறந்தான். பூவிழியைப் பார்த்தான். தலை குனிந்துகொண்டான்.

"வாடா போவோம்! அழுக்கு ரத்தக்காரனுக்கு இவங்க வூட்டுல என்ன வேல?"

அவ்வளவுதான். உடையார்பாளையத்து வீட்டில் ரத்தம் கெட்டுவிட்டது என்று ஜெயங்கொண்டம் வரை பேச்சாயிற்று. அதன் பிறகு வந்த வரன்களின் போட்டோவைப் பூவிழி கவிழ்த்தே வைத்தாள். பஞ்சநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். உடையார்பாளையம் பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. செருப்பு வாங்க வந்தவர்போல் கடையில் நுழைந்து, வேண்டாத ஒரு ஜோடியோடு வீடு திரும்பினார்.

ஆவணியில் திருமானூரிலிருந்து பிச்சைமுத்து என்பவர் ரத்த வங்கிக்கே தேடி வந்தார்.

"சுதர்சன்னு ஒரு தம்பிக்கு எங்க பொண்ணைக் கேக்குறாங்க சார். எல்லாம் பிடிச்சிருக்கு. அந்தத் தம்பி ரத்தம் அழுக்குன்னு ஊருல பேசிக்கிறாங்க. நீங்கதான் பார்த்தீங்களாமே. நெசமா சார்?"

பஞ்சநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். முதுகை நிமிர்த்தினார்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த சாந்தா குழாயை மூடினாள்.

"பொய்ங்க. அந்தத் தம்பி ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துட்டாரு. மூணு ஸ்லைடுலயும் இருந்தது, அவரு மானத்தைக் காப்பாத்த இவங்க பொண்ணு நீட்டுன விரல் ரத்தம்."