புளிய விளாரும் ஓவியாவின் கேள்வியும்

எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் பலராமனிடம் எதைக் கேட்டாலும், வலது காதைத் திருப்பி “இன்னா?” என்பார். பல வருடமாகக் கவனிக்கிறேன். இடது காது எங்கே போயிற்று? ஐந்தாம் வகுப்பில், இராமலிங்கம் சார் விட்ட ஒரே அறையில் போயிற்று. வருத்தமா? நன்றாயிருக்கிறது கேள்வி! பெருமையாகவே சொல்வார்: “அந்த அறைதான் என்னை மனுசனாக்குச்சு!”

வாசகர்களே, இவர்தான் ‘அடி வாங்கி ஆளானவர்’. ஊருக்கு ஊர் காணப்படும் இனம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மற்ற அப்பாக்கள் பிள்ளைக்குப் பையும் செருப்பும் தேடி அலைய, இவர் மட்டும் புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நல்ல விளாராக ஒடித்து, இலை உருவி, கணு சீவி, விளக்கெண்ணெய் தடவி, குங்குமமும் வைத்து, மகள் ஓவியாவின் கையாலேயே டீச்சருக்குக் கொடுக்க வைப்பார்.

“கண்ண மட்டும் உட்டுடுங்க டீச்சர்.”

ஒரே வகுப்பறையில் எழுபது பிள்ளைகளைக் கத்தி அடக்கியே தொண்டை கட்டிப்போன டீச்சருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா?

அடிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே என்றேன்.

“அரசாங்கமா பெத்துச்சு? தோ, நீயே பி.ஏ. அடி வாங்காமயா படிச்ச?”

என்னைச் சாட்சிக்கு இழுப்பார். என்னோடு அடி வாங்கி, மூன்றாம் வகுப்போடு ஓடிப்போனவர்களை மட்டும் இழுக்க மாட்டார்.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்கு விடிய விடிய கிளாஸ் கழுவிய ஓவியா, மறுநாள் வகுப்பில் தூங்கிவிட்டாள். அப்பா தந்த விளார் வேலை செய்தது. விரல்கள் வீங்கி, பென்சில் பிடிக்க முடியவில்லை.

“இனிமே நான் பள்ளிக்கூடம் போவ மாட்டேன்.”

“போடி! உன்னவிட ஜாஸ்தி வாங்குனவன்டி உங்கப்பன்!”

“உன்ன எதுக்குப்பா அடிச்சாரு?”

பலராமன் வாயைத் திறந்தார். சாரின் மோதிரம் நினைவிருந்தது, சட்டையின் நிறம்கூட நினைவிருந்தது. காரணம்? வீட்டுப்பாடமா? பேசியதா? சிரித்ததா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

“யோசிச்சு சொல்றேன்.”

அடுத்த பௌர்ணமியும் போயிற்று. அந்தப் பதிலை அவர் ஓவியாவுக்கு இன்னும் தரவில்லை. அவளும் பள்ளிக்குப் போகவில்லை.

‘என்ன இருந்தாலும் ரெண்டு போடாமல் பிள்ளை வளருமா’ என்று தலையாட்டிக்கொண்டே இதுவரை வாசித்தவர் யாராவது உண்டா? சரி, உங்களை எதற்கு அடித்தார்கள்?

அவசரமில்லை. பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.